பாதி மண்டைக்காரர்களின் வரலாறு

1890ஆம் ஆண்டு பிரிட்டனில் ஒரு விநோதமான கணக்கு அச்சேறியது. ஒரு குழந்தை இரண்டு மொழிகளில் சரிசமமாகப் புழங்கினால் அதன் அறிவு இரட்டிப்பாகாது, பாதியாகிவிடும். ஆன்மிக வளர்ச்சியும் அதே விகிதத்தில் அம்பேல். கணக்குப் போட்டவர் சைமன் சாமர்வில் லாரி, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கல்வியியல் பேராசிரியர். கேம்பிரிட்ஜில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளின் தொகுப்பில் இது இருக்கிறது. எந்தக் குழந்தையின் எந்தப் பாதியை எதைக்கொண்டு அளந்தார் என்ற விவரம் மட்டும் இல்லை. பேராசிரியர் மேடையேறிச் சொன்னால் போதும், முழக்கோல் எங்கே என்று யாரும் கேட்காத பொற்காலம் அது.

ஒரே ஒரு சங்கடம். அப்போது நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் விக்டோரியா மகாராணி. அம்மா ஜெர்மானியர், கணவர் ஆல்பர்ட் ஜெர்மானியர், ஒன்பது பிள்ளைகளும் ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்து கேட்டு வளர்ந்தவர்கள். பிரெஞ்சு தனி. போதாதற்கு, 1887இல் ஆக்ராவிலிருந்து வந்து சேர்ந்த அப்துல் கரீமிடம், எழுபதை எட்டும் வயதில் மகாராணி ஹிந்துஸ்தானி எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அரண்மனைக்காரர்கள் கரீமைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்களே தவிர, மகாராணியின் மூளை பாதியாகிவிட்டது என்று ஒருவரும் மனுப் போடவில்லை. லாரியின் சூத்திரப்படி பார்த்தால் அந்தக் குடும்பம் கால் மண்டையை வைத்துக்கொண்டு பேரரசு நடத்தியிருக்க வேண்டும். (அப்படித்தான் நடத்தினார்கள் என்று நம்மூரில் சிலர் சொல்லக்கூடும். அது வேறு பட்டிமன்றம்.)

அதே காலத்தில் இந்திய சிவில் சர்வீஸில் தேறிச் சென்னை மாகாணத்துக்குக் கப்பலேறி வந்த வெள்ளைக்கார இளைஞர், தமிழிலோ தெலுங்கிலோ பரீட்சை எழுதித் தேற வேண்டும். தேறிய பிறகு, அறிவு பாதியாகிவிட்டது என்று சொல்லி அவர் சம்பளத்தைப் பாதியாக்கவில்லை.

ஆக, இரண்டாவது மொழி மண்டையைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதியாக இருந்ததே இல்லை. அது யாருடைய மண்டை என்று முதலில் விசாரித்துக்கொள்வார்கள். அடுத்த நூற்றுச் சொச்சம் வருட ஆராய்ச்சியை விளங்கிக்கொள்ள இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

சோதனைக்கு வசமாக அகப்பட்டவர்கள் வேல்ஸ் நாட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கெட்ட அனுபவம் உண்டு. லாரிக்கும் முன்னால், வேல்ஸ் பள்ளிகளின் லட்சணத்தை ஆராய்ந்து வரும்படி லண்டன் அரசாங்கம் மூன்று பேரை அனுப்பியது. மூவரும் ஆங்கிலேய வக்கீல்கள். மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் தெரியாது. வெல்ஷ் தெரிந்த உதவியாளர்கள் கூடவே இருந்தும், விசாரணையில் கோலோச்சியது ஆங்கிலம்தான். பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். கேட்டவருக்குப் பாஷை தெரியாததால், பதில் சொல்லவேண்டியவருக்கு அறிவில்லை என்று முடிவானது. 1847இல் நீல அட்டை போட்ட மூன்று தொகுதிகளாக அறிக்கை வந்தது: பிள்ளைகள் மந்தம், தாய்மொழி முன்னேற்றத்துக்குத் தடை, போகிற போக்கில் அந்த நாட்டுப் பெண்களின் ஒழுக்கமும் சரியில்லை. வெல்ஷ்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'நீலப் புத்தகத் துரோகம்'. இன்றைக்கும் அந்தப் பெயர்தான்.

அங்கே பல பள்ளிக்கூடங்களில் ஒரு மரத்துண்டு உலவியது. வெல்ஷில் வாயைத் திறந்த பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டிவிடுவார்கள். அடுத்து இன்னொருவன் வெல்ஷ் பேசினால் கட்டை அவன் கழுத்துக்கு மாறும். மாலையில் மணி அடிக்கும்போது யார் கழுத்தில் தொங்குகிறதோ அவனுக்குப் பிரம்படி. தமிழில் பேசினால் அபராதம் வாங்கிய நம் ஆங்கிலப் பள்ளி மாணவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இப்படி வளர்ந்த நாட்டில் 1923இல் டி. ஜே. சேர் என்பவர் அறிவுச் சோதனைத் தாள்களோடு கிளம்பினார். ஏழு முதல் பதினான்கு வயது வரை சுமார் 1,400 பிள்ளைகள். கிராமங்களில் இரண்டு மொழி பேசிய பிள்ளைகள், ஆங்கிலம் மட்டும் பேசியவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கினார்கள். இடது கை எது, வலது கை எது என்பதிலும் குழப்பம் என்று எழுதினார். நகரத்துப் பள்ளிகளில் பார்த்தால் அந்த வித்தியாசம் இல்லை.

அதே இரண்டு மொழிகள்தான். நகரத்தில் மூளையை ஒன்றும் செய்யவில்லை, கிராமத்தில் கெடுக்கிறது. சாதாரண மனிதனாக இருந்தால், 'அப்படியானால் கோளாறு மொழியில் இல்லையோ?' என்று சந்தேகப்பட்டிருப்பான். சேர் படித்தவர். ஃபிராய்டின் காற்று வீசிக்கொண்டிருந்த காலம் வேறு. நகரத்துக் குழந்தை மொழிச் சண்டையைச் சின்ன வயதிலேயே தெருவிளையாட்டில் தீர்த்துக்கொள்கிறது; கிராமத்துக் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் சண்டை ஆரம்பிக்கிறது, அதனால் மனசுக்குள் போராட்டம் என்று விளக்கம் கொடுத்தார். கிராமத்தில் ஆங்கிலம் மட்டும் பேசிய பிள்ளையின் அப்பா என்ன வேலை பார்க்கிறார், வெல்ஷ் பேசிய பிள்ளையின் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று விசாரிக்கத் தோன்றவில்லை. 1950களின் கடைசியில் டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் என்கிற இன்னொரு வேல்ஸ் ஆராய்ச்சியாளர் அதை விசாரித்தார். அப்பாக்களின் தொழிலைக் கணக்கில் சேர்த்ததும், மொழியின் தலையில் போட்ட பழி விலகிவிட்டது. அளந்தது அறிவை என்று நினைத்து, குடும்ப வருமானத்தை அளந்திருக்கிறார்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னும் தடபுடல். பிரான்ஸில் ஆல்பிரெட் பினே தயாரித்த அறிவுச் சோதனையை அமெரிக்காவில் இறக்குமதி செய்தவர் ஹென்றி காடர்ட். பிரெஞ்சிலிருந்து பெயர்த்தெடுத்த சோதனையை வைத்துக்கொண்டு, 1913இல் நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக்கு இரண்டு உதவியாளர் பெண்களை அனுப்பினார். முகத்தைப் பார்த்தே மந்தபுத்தியைக் கண்டுபிடிப்பதில் அந்தப் பெண்கள் கெட்டிக்காரர்கள் என்பது அவர் நம்பிக்கை. கப்பலின் அடித்தட்டில் கடல் தாண்டி, குடல் புரண்டு, மூட்டையோடு இறங்கிய ஏழைகளை மடக்கி, மொழிபெயர்ப்பாளர் மூலம் பரீட்சை. 'மூன்று நிமிடத்தில் அறுபது சொற்கள் சொல்லு' என்பது ஒரு கேள்வி. சொல்ல முடியாமல் நின்றவர்களைப் பார்த்து காடர்ட் வியந்தார். பரீட்சை எழுதிய யூதர்களில் 83 சதவீதம், ஹங்கேரியர்களில் 80, இத்தாலியர்களில் 79, ரஷ்யர்களில் 87 சதவீதம் மந்தபுத்தி. இது கொஞ்சம் ஓவர் என்று அவருக்கே பட்டிருக்கிறது. சில கேள்விகளைக் கழித்து, சதவீதத்தைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தார்.

அடுத்து முதல் உலகப் போர். சுமார் 17.5 லட்சம் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அறிவுச் சோதனை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா தாள். அதில் ஒரு கேள்வி: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப்பொருளா? கிரிஸ்கோ என்பது அமெரிக்கச் சமையலறைகளில் இருந்த வனஸ்பதி. தாய்நாட்டில் ஆலிவ் எண்ணெயில் சமைத்துச் சாப்பிட்ட இத்தாலியனுக்கு அது தெரியவில்லை என்றால் மூளை மட்டம். ஆங்கிலம் தெரியாதவர்களுக்குப் பீட்டா தாள், எல்லாம் படம். படத்தில் எது குறைகிறது என்று வரைந்து காட்ட வேண்டும். டென்னிஸ் மைதானம், வலை இல்லை. கிராமபோன், குழல் இல்லை. வாழ்நாளில் டென்னிஸ் மைதானத்தையே பார்க்காத போலந்து விவசாயி வலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த மதிப்பெண்களை வைத்து 1923இல் கார்ல் பிரிகம் ஒரு புத்தகம் போட்டார். வந்தேறிகள் அமெரிக்காவில் எத்தனை வருடம் இருந்தார்களோ அத்தனைக்கு மதிப்பெண் ஏறியிருந்தது. இருபது வருடம் இருந்தவர்கள் உள்ளூர்க்காரர்களுக்குச் சமமாக வாங்கியிருந்தார்கள். 'ஊரும் பாஷையும் பழகினால் பரீட்சை எழுத வருகிறது' என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். பிரிகம் கண்டது வேறு: அந்தக் காலத்தில் நல்ல இனத்தார் வந்தார்கள், இப்போது மட்டமான இனத்தார் வருகிறார்கள். 1924இல் தெற்கு, கிழக்கு ஐரோப்பியர்களின் வரவைச் சுருக்கிச் சட்டம் வந்தது. 1930இல் பிரிகம், தம் முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று தாமே எழுதி வாபஸ் வாங்கினார். சட்டம் வாபஸ் ஆகவில்லை.

இதற்கிடையே அரசியல்வாதிகள் சும்மா இருப்பார்களா? 1918 மே மாதம் அயோவா மாநில ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஒரு பிரகடனம் விட்டார்: பள்ளியில், ரயிலில், பொது இடத்தில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது. ஜெர்மனியோடு போர், ஆகவே ஜெர்மன் பேசும் பாட்டி தேசவிரோதி. பக்கத்து நெப்ராஸ்காவில் எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைக்கு அந்நிய மொழி கற்றுக்கொடுப்பது குற்றம் என்று 1919இல் சட்டம். ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் ஒரு பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மனில் பைபிள் கதை வாசிக்கக் கற்றுக்கொடுத்து மாட்டினார். 25 டாலர் அபராதம். லத்தீனும் கிரேக்கமும் இந்தச் சட்டத்தில் சேராது என்று அந்த மாநில நீதிமன்றம் சொன்னது. செத்த மொழி படிக்கலாம். வீட்டில் யாராவது பேசிவிடக்கூடிய மொழிதான் ஆபத்து. 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தைத் தூக்கிக் கடாசியது. ஆனால் 1926இல் ஃபிளாரன்ஸ் குட்இனஃப் என்ற பேர்போன உளவியலாளர், வீட்டில் அந்நிய மொழி புழங்குவது மனவளர்ச்சிக் குறைவுக்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அறிவு குறைந்தவர்கள் புது மொழியை மெதுவாகக் கற்கிறார்கள் என்பது அவர் முன்வைத்த இன்னொரு விளக்கம். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் குற்றவாளி வந்தேறியின் வீடுதான்.

இவ்வளவு களேபரத்திலும் ஒரு பிரெஞ்சுக்காரர் தம் பிள்ளையைக் கவனித்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். பெயர் ஜூல் ரோன்ஷா. மனைவி ஜெர்மானியர். நண்பர் மொரீஸ் கிராமோன் சொன்ன யோசனைப்படி அப்பா பிரெஞ்சிலும் அம்மா ஜெர்மனிலும் மட்டும் மகனிடம் பேசினார்கள். 1913இல் புத்தகமாக வந்தது முடிவு: பையன் நன்றாக இருக்கிறான். அறிவு பாதியாகவில்லை, இடது வலது தெரிகிறது. ஒரு மொழியியலாளர் வீட்டுப் பிள்ளை இரண்டு மொழி பேசினால் அது ஆராய்ச்சி நூல். இத்தாலியக் கூலிக்காரன் பிள்ளை பேசினால் அது வியாதி.

மருத்துவர்கள் வேறு வழியில் போனார்கள். பேசிக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு, பேச்சு நின்றுபோனவரைப் பிடித்தார்கள். பக்கவாதத்தில் பேச்சிழந்த பன்மொழிக்காரருக்கு எந்த மொழி முதலில் திரும்பும்? முதலில் கற்ற மொழிதான் கடைசிவரை நிற்கும் என்ற விதிக்கு 1881இல் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் பெயர் வந்தது. 1895இல் போர்டோ நகரத்து மருத்துவர் பித்ர் மறுத்தார்: வியாதி வருவதற்குமுன் அதிகம் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும். இரண்டு கட்சிக்கும் ஆள் சேர்ந்தது. நோயாளிகள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சிலருக்கு எல்லா மொழியும் ஒன்றாகத் திரும்பியது, சிலருக்கு ஒன்று மட்டும். பேச்சு திரும்பியவர்கள் ரிபோவையோ பித்ரையோ கேட்டுக்கொண்டு பேசவில்லை.

உயிரோடு இருக்கும்போது புரியாததை இறந்த பிறகாவது புரிந்துகொள்ளலாம் என்று இன்னொரு கோஷ்டி. பெய்ஜிங்கில் ஜெர்மன் தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளராக இருந்த எமில் கிரெப்ஸுக்கு அறுபதுக்கு மேற்பட்ட மொழிகள் தெரியும் என்பார்கள். 1930இல் அவர் பெர்லினில் இறந்ததும் மூளை ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனது. வாங்கி வைத்தவர் ஆஸ்கர் ஃபோக்ட், ஏற்கெனவே லெனின் மூளையைச் சீவிப் பார்த்த மகானுபாவர். 2004இல் கிரெப்ஸின் மூளைச் சீவல்களை வேறு பதினோரு மூளைகளோடு ஒப்பிட்டார்கள். பேச்சுக்குப் பேர்போன புரோக்கா பகுதியின் செல் அமைப்பு அவருக்கு மாறுபட்டிருந்தது. அமைப்பு அப்படிப் பிறந்ததால் மொழிகள் வந்தனவா, மொழிகள் வந்ததால் அமைப்பு அப்படி ஆனதா? அதைக் கேட்கவேண்டிய ஆள் 74 வருடம் முன்பே போய்விட்டார்.

1962இல் கதை தலைகீழானது. மான்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் பிரெஞ்சுப் பள்ளிகளில் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். இந்த முறை குடும்ப வசதி சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகள் சொல் சார்ந்த சோதனையிலும் படச் சோதனையிலும் முந்தினார்கள். எழுபது வருடம் மந்தமாக இருந்த இருமொழிப் பிள்ளை ஒரே ஆய்வில் சுட்டியானது. ஆனால் ஒரு நெருடல். இரண்டு மொழியிலும் சரிசமமாகத் தேறியவர்களை மட்டும் இருமொழியர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அரைகுறைகளுக்கு இடமில்லை. முன்னே ஏழைகளாகப் பார்த்து எடுத்து மந்தம் என்றார்கள். இப்போது கெட்டிக்காரர்களாகப் பார்த்து எடுத்துச் சுட்டி என்கிறார்களோ என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

சந்தேகத்தை யார் கேட்கிறார்கள்? டொரோன்டோவில் எல்லன் பியாலிஸ்டாக் குழு, கவனத்தை ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புவதில் இருமொழியர் வேகம் என்று தொடர்ந்து சொன்னது. காரணமும் நியாயமாகவே இருந்தது. இரண்டு மொழி தெரிந்தவரின் மண்டையில் எதுவும் முழுசாக அணைவதில்லை. 1999இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் ரஷ்யமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் ரஷ்ய மொழியில் தபால்தலையை எடுக்கச் சொன்னார்கள். ரஷ்யத்தில் தபால்தலைக்குப் பெயர் மார்க்கா. மேஜையில் ஒரு மார்க்கர் பேனாவும் கிடந்தது. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனாலும் அவர்கள் கண் ஒரு நொடி பேனா பக்கம் போய்விட்டு வந்தது. வேண்டாத மொழியை ஓயாமல் அடக்கி வைப்பதே மூளைக்கு உடற்பயிற்சி என்பது வாதம்.

2007இல் பியாலிஸ்டாக் குழு 184 மறதி நோயாளிகளின் கோப்புகளைப் புரட்டியது. இருமொழியருக்கு அறிகுறி சுமார் நான்கு வருடம் தாமதமாக வந்திருந்தது. கனடாவில் அவர்களில் பலர் குடியேறியவர்களாயிற்றே, குடியேறும் தெம்புள்ளவர்கள் ஏற்கெனவே திடகாத்திரர்களாயிற்றே என்று கேள்வி வந்தது. பதில் ஹைதராபாத்திலிருந்து வந்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 நோயாளிகளைப் பார்த்தது. தெலுங்கும் உருதும் தெருவிலேயே பேசிப் பழகியவர்கள், எங்கிருந்தும் குடியேறாதவர்கள். 2013இல் வந்த முடிவு: தாமதம் நாலரை வருடம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்களிடமும் தாமதம் இருந்தது. மூன்று, நான்கு மொழி பேசியவர்களுக்குக் கூடுதல் போனஸ் எதுவும் இல்லை.

உலகமே 'மொழி படி, மூளை வளரும்' என்று கோஷம் போட ஆரம்பித்தது. மொழி கற்றுக்கொடுக்கும் செயலிகள் கல்லா கட்டின. அதே 2013இல் சான் பிரான்சிஸ்கோவின் கென்னத் பாப், கவனம் திருப்பும் சாமர்த்தியத்தில் இருமொழியருக்கு ஒத்திசைவான சாதகம் எதுவும் தெரியவில்லை என்று பந்தலில் கல்லெறிந்தார். 2015இல் எடின்பரோவில் ஆங்கெலா டி புரூயின் குழு இன்னொரு கல்: கருத்தரங்குகளில் வாசித்த 104 ஆய்வுச் சுருக்கங்களைத் தேடிப் பார்த்தார்கள். சாதகம் உண்டு என்றவற்றில் 68 சதவீதம் இதழ்களில் அச்சாகியிருந்தன. இல்லை என்றவற்றில் 29 சதவீதம்தான். நல்ல செய்திக்கு அச்சகம் திறந்தது, சப்பென்ற செய்திக்கு மேஜை டிராயர். 2019இல் ஒன்பது, பத்து வயது அமெரிக்கப் பிள்ளைகள் 4,524 பேரை வைத்துப் பார்த்தபோதும் கவனம் திருப்பும் சாமர்த்தியத்தில் சாதகம் எதுவும் பெரிதாகத் தட்டுப்படவில்லை.

இன்றைய நிலவரம் இதுதான். இருமொழிப் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகப் பார்த்தால் சொல்வளம் சற்றுக் குறையலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் குறை இல்லை. ஒரு பொருளின் பெயரைச் சொல்ல நொடியில் சின்னத் துண்டு கூடுதலாகப் பிடிக்கலாம். மறதி நோய் தள்ளிப்போகிறதா என்பதில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மற்றபடி மண்டை முழுசாக இருக்கிறது. உலக மக்கள்தொகையில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இரண்டு மொழியோடு வாழ்கிறார்கள் என்பது பலர் ஒப்புக்கொண்ட மதிப்பீடு. ஆனாலும் ஒருமொழியரை ஆரோக்கியத்துக்கு இலக்கணமாகவும் இருமொழியரை நோயாளியாகவும் நிறுத்தித்தான் ஆராய்ச்சி தொடங்கியது. ஒரே மொழி பேசுவது மூளையை என்ன பாடுபடுத்துகிறது என்று 1,400 பிள்ளைகளை வரிசையில் நிறுத்தலாம் என்று கேம்பிரிட்ஜுக்குத் தோன்றவில்லை.

பேராசிரியர்கள் மாறினாலும் அவர்களுடைய அறிவுரை சாகவில்லை. குழந்தை பேசக் கொஞ்சம் தாமதமானால், 'குழப்பாதீர்கள், வீட்டில் ஒரு மொழியை நிறுத்துங்கள்' என்று சொல்ல இன்றைக்கும் ஊரில் ஆள் இருக்கிறார்கள். வெல்ஷை நிறுத்தச் சொன்னார்கள், இத்தாலிய மொழியை, ஜெர்மனை, ஸ்பானிஷை நிறுத்தச் சொன்னார்கள், தமிழையும் சொல்வார்கள். ஆங்கிலத்தை நிறுத்தச் சொன்ன ஆலோசகர் எவரும் இதுவரை தட்டுப்படவில்லை.